உறைந்த துறையில் ஒரு கையெழுத்து இதழ்: ஹெக்லா, கிரைப்பர் கப்பல்களின் பனிக்காலத் தங்கல் (1819–1820)

கடற்பயண வரலாறுகள் பெரும்பாலும் கப்பல் நகர்ந்த நாள்களையே பேசுகின்றன. புறப்பட்ட நாள், கண்ட தீவு, கடந்த நீரிணை, திரும்பிய நாள் என அமையும் அவ்வரலாறுகளில் கப்பல் நங்கூரமிட்டு நின்ற மாதங்கள் ஒரே தொடரில் முடிந்துவிடும். பாய்க்கப்பல் காலத்து மாலுமியோ தன் வாழ்நாளின் கணிசமான பகுதியைக் காற்றுக்கும் பருவத்துக்கும் காத்திருப்பதில்தான் கழித்தான். நம் இலக்கண மரபு இவ்வகையில் சற்று வேறுபட்டது. படை நடந்ததை மட்டுமன்றிப் படை நின்றதையும் பாடுபொருளாக்கிக் கூதிர்ப்பாசறை என்று அதற்கொரு பெயரும் தந்தது தொல்காப்பியம். குளிர்காலத்தில் போர் ஓய்ந்து தங்கியிருக்கும் நிலையும் ஒரு செய்திதான் என்ற அந்தப் பார்வையோடு, உலகின் வடகோடியில் இரு பாய்க்கப்பல்கள் பத்து மாதங்கள் தங்கிய வரலாற்றை இக்கட்டுரை அணுகுகிறது.

பிரித்தானியக் கடற்படையின் ஹெக்லா, கிரைப்பர் என்னும் அக்கப்பல்கள் வட அமெரிக்காவின் வடக்கே மெல்வில் தீவில் 1819–1820 பனிக்காலத்தைக் கழித்தன. தலைவர் வில்லியம் எட்வர்டு பாரி. பறம்பின் பாரியோடு இவருக்குப் பெயரளவில் மட்டுமே ஒப்புமை. அத்தங்கலின்போது கப்பலிலேயே வாரந்தோறும் ஓர் இதழ் எழுதப்பட்டது. 21 எண்கள் வெளிவந்த அவ்விதழ் 1821இல் இலண்டனில் ஜான் மர்ரே பதிப்பகத்தால் அச்சிடப்பெற்றது. வடதுருவப் பயணங்களைப் பற்றி எழுதுவோர் இதனைக் கப்பல்வாசிகள் அனைவரின் உற்சாகத்துக்கும் சான்றாகக் காட்டுவது வழக்கம். அக்கருத்து ஏற்கத்தக்கதா என்பதே இங்கு எழும் வினா.

துறை புகுதல்

அட்லாண்டிக் கடலிலிருந்து வட அமெரிக்காவின் தலைமேலாகப் பசிபிக் கடலுக்குச் செல்லும் வடமேற்கு வழியைக் காண்பது பயணத்தின் நோக்கம். 1819ஆம் ஆண்டு மே மாதம் தேம்ஸ் ஆற்றிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. ஹெக்லா 375 டன் அளவினது. மேத்யூ லிட்டன் தலைமையிலான கிரைப்பர் 180 டன். இரண்டிலும் சேர்த்து 94 பேர். பாரிக்கு அப்போது அகவை 28. ஆகஸ்டில் லங்காஸ்டர் நீரிணை வழியே மேற்கு நோக்கிச் சென்ற அவர்கள், செப்டம்பர் 4ஆம் நாள் மேற்கு 110 பாகைத் தீர்க்கக்கோட்டைக் கடந்தனர். அக்கோட்டை எட்டுவோர்க்கு நாடாளுமன்றச் சட்டம் அறிவித்திருந்த 5,000 பவுண்டுப் பரிசு அதனால் அவர்களுக்கு உரித்தாயிற்று.

அதற்குமேல் பனிக்கட்டி வழிவிடவில்லை. மெல்வில் தீவின் தென்கரையில் தங்குவதற்கேற்ற ஒரு குடாவைக் கண்டபோது அதுவும் உறையத் தொடங்கியிருந்தது. இரம்பங்களால் பனிக்கட்டியை அறுத்து 4,082 கஜ நீளத்துக்கு, அதாவது நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவுக்கு, ஒரு கால்வாய் வெட்டினர். பனிக்கட்டியின் கனம் சராசரியாக ஏழு அங்குலம். அறுத்த பாளங்களை அப்புறப்படுத்தும் வேலையில் மாலுமிகள் மூன்று நாள்கள் நனைந்தபடி உழைத்தனர். செப்டம்பர் 26ஆம் நாள் கப்பல்கள் உள்ளே நங்கூரமிட்டன. வின்டர் ஹார்பர், அதாவது குளிர்காலத் துறை, என அவ்விடம் பெயர் பெற்றது.

உடனே கப்பல் வீடாக மாற்றப்பட்டது. மேற்பாய்மரங்கள் இறக்கப்பட்டன. படகுகளும் கயிறுகளும் கரைக்குச் சென்றன. மேல்தளம் முழுவதற்கும் மரச்சட்டம் கட்டி, பாரவண்டிகளை மூடும் தடித்த துணியால் கூரை வேய்ந்தனர். பாய் விரித்துக் காற்றைப் பிடிப்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருள், காற்றைத் தடுப்பதற்கான கூடாரமாயிற்று. நெருப்புப் பிடித்தால் அணைக்கத் தண்ணீர் வேண்டுமே என்பதற்காக ஒவ்வொரு கப்பலின் அருகிலும் பனிக்கட்டியில் ஒரு துளை எப்போதும் மூடாதவாறு வெட்டி வைக்கப்பட்டது. தண்ணீரின் நடுவே வாழ்ந்தோர் தண்ணீருக்காகக் கிணறு காத்த நிலை இது.

குளிரைவிட அவர்களை மிகுதியாகத் துன்புறுத்தியது ஈரம் எனலாம். மனிதர் மூச்சும் சமையல் ஆவியும் மேலேறி, குளிர்ந்த மரச்சுவர்களிலும் உத்திரங்களிலும் படிந்து உறைந்தன. படுக்கை அறைகளின் சுவரோரம் பனிக்கட்டி திரண்டது. அதனைச் சுரண்டி எடுத்து வெளியே கொட்டுவது அன்றாட வேலையாயிற்று. வெப்பம் கூடினால் அதே பனி உருகிப் படுக்கையில் சொட்டும். அடுப்பை எரித்தால் ஈரம், எரிக்காவிட்டால் குளிர் என்ற இக்கட்டுக்கு நடுவில்தான் பத்து மாத வாழ்க்கை நடந்தது. பாரியின் பயணநூல் இச்செய்திகளைத் தரும் பகுதிகள், புதிய தீவுகளுக்குப் பெயரிடும் பகுதிகளைக் காட்டிலும் பயனுடையவை என்பது என் கருத்து.

நாளொழுங்கும் உணவும்

காலை ஆறு மணிக்குச் சற்று முன்பே மாலுமிகள் எழுப்பப்பட்டனர். தளத்தைக் கல்லாலும் சூடாக்கிய மணலாலும் தேய்த்தபின் எட்டு மணிக்குக் காலையுணவு. ஒன்பது மணிக்கு அணிவகுப்பு. ஆடை தூய்மையாகவும் போதியதாகவும் உள்ளதா என்ற பார்வையிடல். வானிலை இடங்கொடுத்தால் கரையில் நடை. இல்லையெனில் மேல்தளத்தைச் சுற்றி ஓட்டம். கைப்பிடியைச் சுழற்றி இசைக்கும் ஆர்கன் பெட்டியின் இசைக்கு ஏற்ப அவர்கள் ஓடவேண்டும். மாலுமிகளுக்கு நண்பகலில் உணவு, அதிகாரிகளுக்குப் பின்னர். ஒரே கப்பலில் இரு கடிகாரங்கள் ஓடின.

ரொட்டியின் அளவு மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கப்பட்டது. உப்பிட்ட மாட்டிறைச்சியின் ஒரு பகுதிக்கு மாற்றாக டாங்கின் நிறுவனத்தின் தகரக்குவளை இறைச்சி தரப்பட்டது. தகரத்தில் அடைத்த உணவு அப்போது புதுமை. சொறிகரப்பான் என்னும் ஸ்கர்வி நோயைத் தடுக்க எலுமிச்சை வகைச் சாறும் சர்க்கரையும் நாள்தோறும் வழங்கப்பட்டன. குளிரில் சாறு உறைந்து புட்டிகள் பல வெடித்து வீணாயின. எஞ்சியதை ஒவ்வொருவரும் ஓர் அதிகாரியின் கண்முன்னே குடிக்கவேண்டும். இவ்விதிக்குப் பாரி தரும் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. தம் உடல்நலம் பற்றிய காரியங்களில் மாலுமிகள் குழந்தைகளை ஒத்தவர்கள் என்கிறார் அவர். வன்மத்தோடு சொல்லப்பட்ட கருத்தன்று அது, பரிவோடு சொல்லப்பட்டது. ஆயினும் அந்தக் கப்பலில் எழுதுகோல் யார் கையில் இருந்தது என்பதை அந்த ஒற்றைத் தொடர் காட்டிவிடுகிறது.

1820ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஹெக்லாவின் பீரங்கிப் பொறுப்பாளர் ஸ்காலனுக்கு அந்நோய் கண்டது. பாரி தம் அறையில் செல்லும் அடுப்புக் குழாயை ஒட்டிச் சிறு மண்பெட்டிகளை வைத்துக் கடுகும் கிரெஸ் என்னும் கீரையும் விதைத்தார். ஒளியின்மையால் வெளிறிய நிறத்தில் அவை முளைத்தன. அந்தக் கீரையை உண்டு நோயாளி தேறினார். வேட்டை விதியையும் இங்குச் சுட்டவேண்டும். எவர் சுட்டாலும் விலங்கு பொதுச்சொத்து. அதிகாரிக்கும் மாலுமிக்கும் ஒரே அளவு. தீவிலிருந்து கிடைத்த இறைச்சி மொத்தம் 3,766 பவுண்டு என்பது பாரி தரும் கணக்கு. உணவில் பாரி காட்டிய சமன்மை உண்மையானது. அதனை மறைத்துவிட்டு அவரைக் குறைசொல்வது நேர்மையாகாது.

கதிரவன் இல்லாத காலம்

நவம்பர் 4ஆம் நாளுக்குப் பின் பிப்ரவரி 8 வரை, ஒளிக்கோட்டத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 96 நாள்கள் கதிரவன் அடிவானத்துக்குமேல் வாராது எனக் கணித்திருந்தனர். உடலுக்குச் சாறு கொடுப்பதுபோல உள்ளத்துக்கும் ஏதேனும் கொடுக்கவேண்டும் என்று பாரி கருதியது இக்காலத்தை எண்ணித்தான். நவம்பர் முதல் நாள் இதழின் முதல் எண் வந்தது. நவம்பர் 5ஆம் நாள், கதிரவன் மறைந்த மறுநாள், டேவிட் கேரிக்கின் ‘மிஸ் இன் ஹர் டீன்ஸ்’ என்னும் நகை நாடகம் ஹெக்லாவின் மூடிய மேல்தளத்தில் அரங்கேறியது. பாரியே அதில் ஒரு வேடம் ஏற்றார். பின்னாளில் தென்துருவ ஆய்வால் புகழ்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அப்போது மீசை அரும்பாத இளைஞர். பெண் வேடங்கள் அவருக்கு வாய்த்தன. இருவாரத்துக்கு ஒருமுறை நாடகம் என்பது ஏற்பாடு. உறைநிலைக்கும் வெகுவாகக் கீழான குளிரில், மெல்லிய ஆடையில், நடிகர்கள் மேடையில் நின்றனர். டிசம்பரில், கிறிஸ்துமசை ஒட்டி, வடமேற்கு வழியைக் கண்டு பயணம் முடித்தது போலவே புனைந்த ஒரு சொந்த நாடகமும் ஆடப்பட்டது. உறைந்து கிடந்த கப்பலில் இருந்தபடி வெற்றியை நடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதழின் பெயர் ‘நார்த் ஜார்ஜியா கெசட் அண்ட் வின்டர் கிரானிக்கிள்’. அத்தீவுக்கூட்டத்துக்குப் பாரி இட்ட பெயரே ‘வட ஜார்ஜியா’ என்பது. ஆசிரியர் பீரங்கிப் படையைச் சேர்ந்த எட்வர்டு சபைன். வானியல் நோக்கீடுகளுக்காக உடன்வந்த அறிஞர் இவர். பிற்காலத்தில் பூமியின் காந்தப்புலத்தை அளக்க உலகெங்கும் ஆய்வகங்கள் அமையவேண்டும் என்று வற்புறுத்தியோருள் முதன்மையானவர். அந்த முயற்சியின் பகுதியாகவே 1840களின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பினி சென்னையிலும் சிம்லாவிலும் சிங்கப்பூரிலும் காந்தப்புல ஆய்வகங்களை நடத்தியது. சென்னை அறிவியல் வரலாற்றில் ஆர்வமுடையோர்க்குச் சபைன் அயலவர் அல்லர்.

இதழ் கையால் எழுதப்பட்டது. தமிழகத்துக் கல்லூரி விடுதிகளிலும் படிப்பகங்களிலும் ஒருகாலத்தில் தழைத்த கையெழுத்து இதழ்களை அறிந்தவர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். நாடக விமரிசனம், ஆசிரியருக்குக் கடிதம், செய்யுள், நகை விளம்பரம் என அதே பகுதிகள்; அதே புனைபெயர் மோகம்; படைப்பு போதவில்லை என்ற ஆசிரியரின் அதே கவலை. எழுதாதோரைக் குத்திக்காட்டும் கடிதங்கள் தொடர்ந்து வந்தன. எழுதுவோர், எழுதாதோர் என இரு கட்சிகள் உருவாகிச் சற்றே கசப்பும் தலைகாட்டியது. தொண்ணூற்று நான்கு பேரும் ஒருவரையொருவர் விட்டு விலக முடியாத இடத்தில் இத்தகைய சண்டைக்கு வேறு வடிகால் இருந்திராது. 1820 மார்ச் 20ஆம் நாள் இதழ் நின்றது. கதிரவன் திரும்பி, வேலையும் திரும்பிய பருவம் அது.

எழுதாதோர் யார்?

இதழில் ‘எழுதாதோர்’ எனக் கேலிக்கு உள்ளானவர்களும் அதிகாரிகளே. எழுதலாம், ஆனால் எழுதவில்லை என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. எழுதும் வாய்ப்பே இல்லாத மாலுமிகள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. இதழால் விளைந்த நன்மையைப் பாரி கூறுமிடத்தும், படைப்பு அளித்தோரின் ஓய்வுநேரம் பயனுற்றது என்றுதான் கூறுகிறார். நாடகத்தைக் காண மாலுமிகள் திரண்டனர். பெரிதும் மகிழ்ந்தனர் என்றும் எழுதுகிறார். அவர்கள் பார்வையாளர், இதழிலோ அதுவும் அல்லர். எனவே 21 எண்களையும் ‘கப்பலின் குரல்’ எனக் கொள்வது பொருந்தாது. அது கப்பலின் பின்தள அறைகளின் குரல். நெடுநல்வாடையில் அரசன் நள்ளிரவில் பாசறையைச் சுற்றிவந்து புண்பட்ட வீரரைக் காண்கிறான். அந்த வீரர் என்ன பேசினர் என்பதை நாம் கேட்பதில்லை. அரசனின் பரிவு பொய்யன்று. ஆனால் நாம் காண்பது அவன் விளக்கொளி விழும் இடத்தை மட்டுமே.

அப்படியானால் மாலுமிகளின் பனிக்காலத்தை எங்கிருந்து அறிவது? பிற செய்திகளுக்கு நடுவே அது சிதறிக் கிடக்கிறது. பிப்ரவரி 24ஆம் நாள் கரையிலிருந்த நோக்கீட்டுக் குடிலில் தீப்பிடித்தது. மைனஸ் 40 பாகையை ஒட்டிய குளிர். சபைனின் பணியாளர் ஜான் ஸ்மித் கையுறை அணியக்கூட நிற்காமல் காந்தச்சாய்வு ஊசிக் கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். கருவி தப்பியது. உறைந்த விரல்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்த்தியபோது அத்தண்ணீரின் மேற்பரப்பே உறைந்தது. விரல்கள் சிலவற்றை வெட்டியெடுக்க நேர்ந்தது. ஆசிரியர் சபைனின் காந்தவியல் புகழுக்குப் பின்னால் அந்த விரல்கள் இருக்கின்றன. தீயை அணைக்க வந்தோருள் பலருக்கு முகத்தில் உறைகடி ஏற்பட்டதையும் பாரி பதிவு செய்கிறார்.

உதவி மருத்துவர் அலெக்சாண்டர் ஃபிஷர் மற்றொரு சான்று. அவர் தம் நாட்குறிப்பை 1821இல் நூலாக்கினார். அத்துடன் துறைமுகத்தின் வாயிலருகே நின்ற ஒரு பெரும் மணற்கல் பாறையில் கல்வெட்டும் பொறித்தார். இரு கப்பல்களின் பெயர், இரு தலைவர்களின் பெயர், தங்கிய ஆண்டு, பொறித்தவர் பெயர் என அதன் அமைப்பு. கல்வெட்டியலில் பழகிய கண்ணுக்கு இது புதிதன்று: ஆட்சியாளன், ஆண்டு, செய்தி, எழுதியவன். அதே ஃபிஷர் அத்தீவில் இன்னொரு கல்லையும் செதுக்கினார். 1820 ஜூன் இறுதியில் நோயால் மறைந்த வில்லியம் ஸ்காட் என்னும் மாலுமியின் கல்லறைக்கல் அது. வின்டர் ஹார்பரில் கல்லில் ஏறிய ஒரே எளிய மாலுமியின் பெயர் இறந்தவனுடையது. நடுகல் மரபைப் பயின்ற நமக்கு இது தற்செயலாகத் தோன்றாது.

ஆகஸ்டு முதல் நாள் பனி விலகிக் கப்பல்கள் வெளியேறின. மேற்கே மீண்டும் முயன்று, வழி காணாது, அவ்வாண்டிலேயே இங்கிலாந்து திரும்பின.

பள்ளியும் வரைபடமும்

பாரியின் அடுத்த பயணத்தில் நிலைமை மாறியது. ஃபியூரி, ஹெக்லா என்னும் கப்பல்களோடு 1821–1822 பனிக்காலத்தை அவர் இன்னும் தெற்கே, வின்டர் தீவில் கழித்தார். இம்முறை இதழ் இல்லை. மாறாக, மாலுமிகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பிக்கும் மாலைப்பள்ளி கப்பலில் நடந்தது. கிறிஸ்துமசுக்கு முந்தைய மாலை, இரண்டு மாதங்களுக்கு முன்வரை எழுத்தறியாதிருந்தவர்கள் அழகுற எழுதிய 16 கையெழுத்துத் தாள்கள் பாரியிடம் அளிக்கப்பட்டன. முதல் தங்கலின் அச்சிட்ட நூலினும் அந்தப் பதினாறு தாள்களே பெரிய நிகழ்ச்சி என்பேன். அந்நூல் எழுதத் தெரிந்தோர் எழுதியது. இவை எழுத்து கைமாறிய தருணத்தின் சான்று.

பிப்ரவரி முதல் நாள் அத்தீவுக்கு இனுயிட் மக்கள் வந்தனர். மெல்வில் தீவில் பாரி கண்டவை அம்மக்களின் பழைய குடில்களின் எச்சம் மட்டுமே. இங்கோ அவர்களே அண்டைவீட்டார் ஆயினர். இலிக்லியுக் என்னும் பெண் கடற்கரையின் வரைபடத்தை வரைந்து, வடக்கே ஒரு நீரிணை மேற்கு நோக்கிச் செல்வதைக் காட்டினார். 1822 கோடையில் கப்பல்கள் சென்று பார்த்தபோது நீரிணை அவர் காட்டியவாறே இருந்தது, பனியால் அடைபட்டிருந்தது. அதற்கு ஃபியூரி-ஹெக்லா நீரிணை என்று பெயரிட்டனர். வழி சொன்னவர் பெயர் நூலில் நின்றது. நீரிணைக்கோ கப்பல்களின் பெயர்.

பாறை பெற்ற மறுவாழ்வு

மெல்வில் தீவின் பாறைக்கு மீண்டும் வருவோம். 1845இல் சென்று மறைந்த ஜான் ஃபிராங்க்ளினின் கப்பல்களைத் தேடுவோருள் ஒருவரான மெக்ளிண்டாக், 1851இல் பனிச்சறுக்கு வண்டியில் வின்டர் ஹார்பரை அடைந்து, பாறையருகே ஒரு குறிப்பு விட்டுச் சென்றார். மறுஆண்டு ஏப்ரலில், பேங்க்ஸ் தீவின் மெர்சி விரிகுடாவில் பனியில் சிக்கிய இன்வெஸ்டிகேட்டர் கப்பலின் தலைவர் மெக்ளூர் அங்கு நடந்துவந்தார். கப்பலோ உணவோ இருக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவருக்குக் கிடைத்தது மெக்ளிண்டாக்கின் தாள் மட்டுமே. தம் கப்பல் இருக்குமிடத்தை எழுதி வைத்துத் திரும்பினார். 1852 அக்டோபரில் மீச்சம் என்பவர் அத்தாளைக் கண்டார். 1853 ஏப்ரலில் பிம் என்னும் அதிகாரி அக்கப்பலை அடைந்தார். மூன்று பனிக்காலங்களைக் கப்பலிலேயே கழித்து, உணவு குறைந்து, நோயுற்றிருந்த ஏறத்தாழ அறுபது பேர் அதனால் மீண்டனர். ஃபிஷர் பாறையில் எழுத்துப் பொறிக்கவில்லையெனில் அப்பாறை ஓர் அஞ்சல் நிலையமாகியிராது. கைவிடப்பட்ட அந்த இன்வெஸ்டிகேட்டர் 2010ஆம் ஆண்டு ஜூலையில் கனடிய ஆய்வாளர்களால் மெர்சி விரிகுடாவின் அடியில் கண்டறியப்பட்டது.

அதே தேடற் பயணங்களின்போது, 1850–1851 பனிக்காலத்தில், அசிஸ்டன்ஸ் என்னும் கப்பலில் ‘அரோரா போரியாலிஸ்’ என்ற கையெழுத்து இதழ் நடந்தது. சபைனின் இதழே அதற்கு முன்மாதிரி. அதன் தொகுப்பு ‘ஆர்க்டிக் மிசலனீஸ்’ என்னும் பெயரில் 1852இல் இலண்டனில் வெளியானது. நூலின் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘பயணத்தின் அதிகாரிகளும் மாலுமிகளும்’ என்று அச்சிடப்பட்டுள்ளது.